கேஷ்லெஸ் மைதானத்தில் பிள்ளைகளுக்குத் தின்பண்டம் வாங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் அட்லாண்டாவுக்கு வடக்கே, நம் ஆட்கள் நிறைய இருக்கும் புறநகர் ஒன்றில் பதினாலு வருஷமாக இருக்கிறோம். மூத்தவனுக்கு சாக்கர், அதாவது நம் கால்பந்துப் பைத்தியம். சின்னவளுக்கு சாக்கர் மைதானத்தில் விற்கும் பஞ்சுமிட்டாய்ப் பைத்தியம். அதனால் சீசன் தொடங்கினால் மாதம் ஒரு தடவையாவது ஏதாவது ஒரு மைதானத்தில் இருப்போம்.

சில வருஷம் முன்பு ஊரிலிருந்து என் அம்மா வந்திருந்தார். ஆட்டத்துக்குக் கிளம்பும்போது பேரன் கையில் 10 டாலர் நோட்டு ஒன்றைத் திணித்து, "உனக்குப் பிடிச்சதை வாங்கிச் சாப்பிடுய்யா" என்றார். எனக்குத் தெரியாது. இடைவேளையில் அவனாகவே போய் இருபது நிமிஷம் வரிசையில் நின்றிருக்கிறான். கவுண்டரில் நோட்டை நீட்டியதும், "இங்கே காசு வாங்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டார்கள். பின்னால் நின்ற ஒரு பெண்மணி தன் கார்டைத் தட்டி பாப்கார்ன் வாங்கிக் கொடுத்து அனுப்பினாராம். பையன் அழவில்லை, முகம் மட்டும் சுண்டிப்போய் வந்தான். இந்தக் கதையை நாலு பேரிடம் சொல்லப்போக, அன்றிலிருந்து முதல்முறை மைதானம் போகிற குடும்பமெல்லாம் என்னிடம்தான் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதி வைக்கிறேன்.

"கேஷ்லெஸ்னா என்னக்கா? நோட்டை நீட்டினா நிஜமாவே வாங்க மாட்டாங்களா?"

நிஜமாகவே வாங்க மாட்டார்கள். கவுண்டரில் கல்லாப்பெட்டியே இருக்காது, மீதி கொடுக்கச் சில்லறையும் இருக்காது. கிரெடிட் கார்டு, டெபிட் கார்டு, ப்ரீபெய்ட் கார்டு, இல்லையென்றால் போனிலோ வாட்ச்சிலோ இருக்கும் ஆப்பிள் பே, கூகுள் பே, இவ்வளவுதான் செல்லும். உட்கார்ந்த இடத்துக்கே தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து விற்பவர் கையிலும் ஒரு சின்னக் கார்டு மெஷின்தான் இருக்கும். பார்க்கிங், ஜெர்சி கடை எல்லாம் பெரும்பாலும் அப்படித்தான்.

கெஞ்சிப் பார்க்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். கவுண்டரில் நிற்பவருக்கு அதை மாற்றும் அதிகாரம் கிடையாது, நமக்குப் பின்னால் முப்பது பேர் நிற்பார்கள்.

"எல்லா மைதானமும் இப்படியா, இல்ல அட்லாண்டா மட்டுமா?"

அட்லாண்டாவில் பெரிய மூன்றும் அப்படித்தான்: அமெரிக்க ஃபுட்பால் அணி ஃபால்கன்ஸும் சாக்கர் அணி அட்லாண்டா யுனைடெட்டும் ஆடும் மெர்சிடிஸ்-பென்ஸ் ஸ்டேடியம், கூடைப்பந்து அணி ஹாக்ஸ் ஆடும் ஸ்டேட் ஃபார்ம் அரீனா, பேஸ்பால் அணி ப்ரேவ்ஸ் ஆடும் ட்ரூயிஸ்ட் பார்க். வெளியூரிலும் இதே வழக்கம் பரவிவிட்டது. ஃப்ளோரிடாவில் ட்ரோபிகானா ஃபீல்ட் என்ற பேஸ்பால் மைதானம் 2019-லேயே மாறியது. அதே வருஷம் லண்டனில் திறந்த டாட்டன்ஹாம் மைதானம் முதல் நாளிலிருந்தே காசு வாங்கவில்லை. கோவிட் வந்த பிறகு மிச்சமிருந்தவர்களும் வேகமாக மாறினார்கள்.

பள்ளிக்கூட மைதானம், ஊர் லீக் ஆட்டம் இங்கெல்லாம் நேர் எதிர். அங்கே சில இடங்களில் காசு மட்டும்தான் செல்லும். குழம்பிவிடாதீர்கள்.

"காசுன்னா கசக்குதா இவங்களுக்கு? ஏன் இப்படிப் பண்றாங்க?"

முதல் காரணம் வரிசை. இடைவேளை பதினைந்து நிமிஷம், அதற்குள் ஆயிரக்கணக்கானவர்கள் வாங்கியாக வேண்டும். நோட்டை எண்ணி, மீதி எண்ணிக் கொடுக்கும் நேரம் மிச்சமானால் அவர்களுக்கு இன்னும் பத்து ஹாட் டாக் விற்கும். ராத்திரி கல்லா எண்ணும் வேலையும் திருட்டுப் பயமும் இல்லை. யார், எப்போது, என்ன வாங்கினார் என்ற கணக்கும் கையோடு கிடைத்துவிடுகிறது. இந்தக் கடைசிக் காரணத்தை மட்டும் அவர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை.

மெர்சிடிஸ்-பென்ஸ் கதை கொஞ்சம் சுவாரசியம். 2017-ல் திறந்தபோதே விலையை அடிமட்டத்துக்கு இறக்கினார்கள். ஹாட் டாக் 2 டாலர், பாப்கார்ன் 2 டாலர், மறுபடி மறுபடி நிரப்பிக்கொள்ளும் குளிர்பானம் 2 டாலர். வரியையும் உள்ளே சேர்த்து முழு டாலராக வைத்தார்கள், சில்லறை எண்ணுவது மிச்சமாகட்டும் என்று. முந்தைய மைதானத்தின் விலையில் ஏறக்குறைய பாதி. ஆனால் ஆள் தலைக்குச் செலவு 16 சதவீதம் கூடியது! மலிவு என்றதும் இரண்டாவது தடவையும் வரிசையில் போய் நின்றிருக்கிறோம். 2019 மார்ச்சில் காசையும் நிறுத்திவிட்டார்கள்.

"நோட்டுலயே 'எல்லாக் கடனுக்கும் செல்லும்'னு அச்சடிச்சிருக்கே. வாங்க மாட்டேன்னு சொல்றது சட்டப்படி குத்தமில்லையா?"

ஓய்வுபெற்ற வக்கீல் மாமா ஒருவர் ஊரிலிருந்து வந்தபோது கேட்டது. நல்ல கேள்விதான். அந்த வாசகம் ஏற்கெனவே பட்ட கடனைத் தீர்ப்பது பற்றியது. இனிமேல் வாங்கப்போகும் பாப்கார்னுக்குக் கடன் இன்னும் உண்டாகவில்லை. தனியார் வியாபாரி காசு வாங்கியே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் மத்திய சட்டம் எதுவும் இல்லை என்று அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வே சொல்கிறது.

ஆனால் மாநிலம், நகரம் தனியாகச் சட்டம் போடலாம். மாசசூசெட்ஸில் 1978-லிருந்தே இருக்கிறது. நியூ ஜெர்சியும் ரோட் ஐலண்டும் 2019-ல் போட்டன. நியூயார்க் நகரச் சட்டம் 2020-ல் அமலானது. நியூயார்க்கில் ஒரு வழி விட்டிருக்கிறார்கள்: காசை வாங்கிக்கொண்டு கார்டு கொடுக்கும் மெஷினை வளாகத்தில் வைத்தால் கவுண்டரில் காசு வாங்கத் தேவையில்லை. ஆனால் அந்த மெஷின் கட்டணம் வசூலிக்கக் கூடாது, குறைந்தபட்சம் இவ்வளவு போடு என்று 1 டாலருக்கு மேல் கேட்கவும் கூடாது.

"கையில நோட்டு மட்டும்தான் இருக்கு. குழந்தை பசிக்குதுங்கறா. இப்ப என்ன பண்றது?"

மேலே சொன்ன மெஷின்தான் வழி. தலைகீழ் ஏடிஎம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நோட்டை உள்ளே விட்டால் அதே தொகைக்கு விசா கார்டோ மாஸ்டர்கார்டோ வெளியே வரும். மைதான ஊழியர் யாரைக் கேட்டாலும் இடம் காட்டுவார். மெர்சிடிஸ்-பென்ஸில் கட்டணம் இல்லாமல்தான் வைத்தார்கள். வேறு இடத்தில் கட்டணம் இருந்தால் திரையில் முதலிலேயே காட்டும், படித்துவிட்டு நோட்டை விடுங்கள்.

நான் அனுபவத்தில் கற்றது இரண்டு. ஒன்று, சில்லறை மீதி வராது. 50 டாலர் நோட்டை விட்டால் 50 டாலர் கார்டுதான். 20 போதும் என்றால் முன்னாலேயே யாரிடமாவது நோட்டை மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு, இடைவேளையில் அங்கேயும் கூட்டம் இருக்கும். உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக இதை முடித்துவிட்டு இருக்கைக்குப் போங்கள்.

அந்தக் கார்டைத் தொலைத்தால் காசைத் தொலைத்த மாதிரிதான். முன்பக்கமும் பின்பக்கமும் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள், புகார் சொல்லவாவது எண் இருக்கும்.

"கார்டுல ஒரு டாலர் அறுபது சென்ட் மிச்சம் கிடக்கு. தூக்கிப் போட்டுடவா?"

வேண்டாம், அது மைதானத்துக்கு வெளியேயும் செல்லும் கார்டுதான். மளிகைக் கடையில் ஆள் இருக்கும் கவுண்டருக்குப் போய், "இந்தக் கார்டில் 1.60 எடுங்கள், மிச்சத்தை இன்னொன்றில் எடுங்கள்" என்று தொகையைச் சொல்லிக் கொடுங்கள். தொகை சொல்லாமல் தேய்த்தால் மொத்தப் பில்லுக்கும் முயன்று பார்த்து, போதவில்லை என்று கார்டை மறுத்துவிடும்.

அடுத்த சீசனுக்கு ஆகும் என்று டிராயரில் போட்டு வைப்பதும் சரிவராது. சில ப்ரீபெய்ட் கார்டுகளில் சில மாதம் சும்மா கிடந்தால் மாதக் கட்டணம் பிடிப்பார்கள். கூடவே வரும் தாளில் பொடி எழுத்தில் இருக்கும்.

"ஊர்லேர்ந்து மாமனார் மாமியார் வந்திருக்காங்க. அவங்க இந்தியக் கார்டு செல்லுமா? ஜிபே இருக்குங்கறார்."

யூபிஐ இங்கே கவுண்டரில் செல்லாது. அவர் போனில் இருப்பது அதே கூகுள் பே என்ற பெயராக இருந்தாலும் உள்ளே ஓடுவது வேறு. முதலில் இதை அவருக்குப் புரியவைத்துவிடுங்கள். இல்லையென்றால் கவுண்டரில் க்யூஆர் கோடைத் தேடிக்கொண்டு நிற்பார்.

இந்திய விசா கார்டு, மாஸ்டர்கார்டு செல்லும், ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்திய ரிசர்வ் வங்கி விதிப்படி 2020 அக்டோபருக்குப் பிறகு கொடுத்த கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு ஆரம்பத்தில் அணைத்தே இருக்கும். தட்டிக் கட்டும் வசதியும் தனியாக அணைத்திருக்கும். இரண்டையும் வங்கி ஆப்பில் போய்த் திறக்க வேண்டும். இதை வீட்டு வைஃபையில் உட்கார்ந்து செய்யுங்கள். ரூபே கார்டில் டிஸ்கவர் சின்னமும் இருந்தால் டிஸ்கவர் வாங்கும் இடத்தில் முயலலாம். எதுவானாலும் அந்நியச் செலாவணிக் கட்டணம் என்று கொஞ்சம் பிடிப்பார்கள். "பேரப்பிள்ளைக்கு நான்தான் வாங்கித் தருவேன்" என்று பிடிவாதம் பிடித்தால், அவரிடம் நோட்டை வாங்கிக்கொண்டு உங்கள் கார்டைத் தட்டுங்கள். கணக்கு நேராகிவிடும்.

"என் பொண்ணுக்குப் பதினொண்ணு. தனியா போய் வாங்கிட்டு வர்றேங்கறா. என் கார்டைக் கொடுத்து அனுப்பலாமா?"

எல்லோரும் செய்கிறார்கள். ஆனால் உங்கள் பெயர் போட்ட கார்டைக் கவுண்டரில் இருப்பவர் மறுத்தால் குற்றம் சொல்ல முடியாது. அதைவிட, எழுபதாயிரம் பேர் கூடும் இடத்தில் உங்கள் முழுக் கிரெடிட் வரம்பும் ஒரு பதினொரு வயதுக் கையில் போகிறது.

பிள்ளை பேரிலேயே கார்டு எடுக்கப் பல வழிகள் உண்டு. கிரீன்லைட் மாதிரி சிறுவர் டெபிட் கார்டு இருக்கிறது. மாதக் கட்டணம் உண்டு, நாம் போட்ட பணத்துக்கு மேல் போகாது, வாங்கியதும் நம் போனில் சத்தம் வரும். ஐபோன் வீடு என்றால் ஆப்பிள் கேஷில் குடும்பக் கணக்கு வழியாக 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களையும் சேர்க்கலாம். பிள்ளை கையில் ஆப்பிள் வாட்ச் இருந்தால் அதிலேயே தட்டிவிடும். உங்கள் கிரெடிட் கார்டில் கூடுதல் ஆளாகப் பிள்ளையைச் சேர்க்கலாம், ஆனால் வயது வரம்பு வங்கிக்கு வங்கி மாறும்.

வருஷத்துக்கு இரண்டு ஆட்டம்தான் போவோம் என்பவர்களுக்கு இதெல்லாம் அதிகப்படி. மெஷினில் 20 டாலர் போட்டு வரும் கார்டையே பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். தொலைந்தாலும் 20-தான்.

"கார்டுல சரியா 10 டாலர் இருந்துச்சு. பலகையில 10 டாலர்னுதான் போட்டிருந்தான். ஏன் டிக்ளைன் ஆச்சு?"

வரி. பலகையில் போட்ட விலைக்கு மேல் விற்பனை வரி சேர்க்கும் மைதானங்கள் நிறைய. அட்லாண்டா நகருக்குள் அது 8.9 சதவீதம். 10 டாலர் என்பது 10.89 ஆகிவிடும். முன்னால் சொன்ன மாதிரி வரியை உள்ளடக்கி விலை போடும் இடம் என்றால் பிரச்சினை இல்லை, ஆனால் பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? தனியாக அனுப்பினால் விலைக்கு மேல் இரண்டு டாலராவது கார்டில் இருக்கட்டும். கார்டு மறுத்தால் பதறாமல், "சின்ன சைஸ் இருக்கா?" என்று கேட்கவும் சொல்லிக் கொடுங்கள்.

"நாங்க மாட்டுக்கறி சாப்பிட மாட்டோம். ஹாட் டாக் கேட்டு அழறான். வாங்கித் தரலாமா?"

மைதான ஹாட் டாக் பெரும்பாலும் முழுக்க மாட்டிறைச்சி. அதைப் பெருமையாகவே பலகையில் எழுதியிருப்பார்கள். கார்ன் டாக் என்ற குச்சியில் குத்திய மாவு உருட்டுக்குள் கோழியோ பன்றியோ மாடோ எதுவும் இருக்கலாம், கலந்தும் இருக்கலாம். பெப்பரோனி பீட்சாவில் பெரும்பாலும் பன்றி, மாடு இரண்டும். நாச்சோஸ் என்ற சோளச் சிப்ஸ் மேல் ஊற்றும் சில்லி என்ற கெட்டிக் குழம்பிலும் பெரும்பாலும் மாட்டிறைச்சிதான். சில்லி என்றதும் மிளகாய் என்று நினைத்து வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

கோழி சாப்பிடுபவர்களுக்குக் கவலை இல்லை, சிக்கன் டெண்டர் இல்லாத மைதானம் கிடையாது. மெர்சிடிஸ்-பென்ஸில் சிக்-ஃபில்-ஏ கடையும் உண்டு. ஆனால் அந்த நிறுவனம் ஞாயிற்றுக்கிழமை எங்கேயும் திறக்காது. ஃபால்கன்ஸ் ஆடுவதோ பெரும்பாலும் ஞாயிறு! ஊரே சொல்லிச் சிரிக்கும் விஷயம் இது. பிள்ளையிடம் சிக்-ஃபில்-ஏ என்று ஆசை காட்டி அழைத்துப் போகும் முன் கிழமையைப் பாருங்கள்.

"நாங்க சுத்த சைவம். முட்டைகூட கிடையாது. பட்டினிதானா?"

பட்டினி இல்லை. பாப்கார்ன், பெரிய பிரெட்ஸல், சீஸ் மட்டும் போட்ட நாச்சோஸ், சீஸ் பீட்சா, தோலோடு வறுத்த கடலை, பஞ்சுமிட்டாய் இவை எங்கும் கிடைக்கும். ஐஸ்கிரீமில் முட்டை சேர்த்ததும் உண்டு, கேட்டு வாங்குங்கள்.

பிரெஞ்சு ஃப்ரைஸில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கோழி பொரிக்கும் எண்ணெயிலேயே உருளையையும் பொரிப்பது சாதாரணம். "இதுக்குத் தனி ஃப்ரையரா?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், தெரிந்தவர் நேராகச் சொல்வார். தெரியாது என்று சொன்னால் இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன் நான். ரப்பர் மாதிரி இழுபடும் கம்மி மிட்டாயிலும் மார்ஷ்மெல்லோவிலும் ஜெலட்டின் இருக்கும், அது பெரும்பாலும் பன்றி அல்லது மாட்டுத் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. பாட்டிமார்களிடம் இதைச் சொன்னால் அதிர்ந்துபோகிறார்கள், வருஷக்கணக்காக வாங்கிக் கொடுத்திருப்பார்கள்.

பல மைதானங்களில் சைவ பர்கர், சைவ ஹாட் டாக் வந்துவிட்டன. ஆனால் சுடுவது அதே தட்டிலா என்று கேளுங்கள்.

"பையனுக்கு வேர்க்கடலை அலர்ஜி. பேஸ்பால் போகவே பயமா இருக்கு."

பயம் நியாயம்தான். பேஸ்பால் மைதானத்தில் கடலைத் தோல் காலடியில் சருகு மாதிரி கிடக்கும். சில அணிகள் குறிப்பிட்ட சில ஆட்டங்களுக்கு மட்டும் கடலை இல்லாத பகுதி ஒதுக்குகின்றன. டிக்கெட் எடுக்கும் முன்பே அணியின் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும், அன்று போய்க் கேட்டால் கிடைக்காது.

சிக்-ஃபில்-ஏ கோழியைக் கடலை எண்ணெயில்தான் பொரிக்கிறது, ஃப்ரைஸுக்கு கனோலா எண்ணெய். நன்றாகச் சுத்திகரித்த கடலை எண்ணெயை அமெரிக்க உணவு, மருந்துத் துறை அலர்ஜிப் பொருளாகக் கணக்கிடுவதில்லை. ஆனாலும் உங்கள் மருத்துவர் சொல்வதே முடிவு. எபிபென் என்ற அலர்ஜி அவசர ஊசியை எடுத்துப் போகத் தடை இல்லை, மருந்து என்று வாசலில் சொல்லிக் காட்டுங்கள். சீல் பிரிக்காத பாக்கெட் தின்பண்டம் வாங்கினால் லேபிளையாவது படிக்கலாம்.

"எதுக்கு இந்த வம்பு? ஒரு டப்பாவில தயிர்சாதம் கட்டிட்டுப் போயிடலாமே?"

விளையாட்டைப் பொறுத்தது. பேஸ்பாலில் பல மைதானங்கள் அனுமதிக்கின்றன. ட்ரூயிஸ்ட் பார்க்கில் ஆளுக்கு ஒரு காலன் (ஏறக்குறைய நாலு லிட்டர்) அளவு கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் பையில் சாப்பாடு கொண்டுபோகலாம், திறக்காத தண்ணீர் பாட்டிலும் சேர்த்து. நாங்கள் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கொண்டுபோய் மூன்றாவது இன்னிங்ஸில் சாப்பிட்டிருக்கிறோம். தயிர்சாதம் வெயிலில் புளித்துவிடும், அது ஒன்றுதான் பிரச்சினை. விதி மாறும், கிளம்பும் முன் அந்த மைதானத்தின் பக்கத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கூடைப்பந்து அரங்குகளிலும் பெரும்பாலான அமெரிக்க ஃபுட்பால் மைதானங்களிலும் வெளிச்சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை. கைக்குழந்தை உணவு, மருத்துவக் காரணம் இரண்டுக்கும் மட்டும் விலக்கு. ஃபுட்பாலில் பையே உள்ளிருப்பது தெரிகிற மாதிரி இருக்க வேண்டும், 2013-லிருந்து அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல் விதி அது.

"அப்ப தண்ணி?"

காலி பாட்டிலை விடும் மைதானங்கள் உண்டு, உள்ளே நிரப்பிக்கொள்ளலாம். இல்லையென்றால் தின்பண்டக் கவுண்டரில் ஒரு கப் குழாய்த் தண்ணீர் கேளுங்கள். பெரும்பாலும் காசில்லாமல் கொடுப்பார்கள்.

"கார்டைத் தட்டினதும் 18%, 20%, 25%னு டிப் கேக்குது. ஒரு தண்ணி பாட்டிலை எடுத்துக் கொடுத்ததுக்கா? போடலேன்னா தப்பா?"

தப்பில்லை. "நோ டிப்" என்ற பொத்தான் எங்கேயாவது ஓரத்தில் சின்னதாக இருக்கும். அதை அழுத்துவதற்கு நம் ஆட்கள் ஏன் இவ்வளவு கூச்சப்படுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. இருக்கைக்கே கொண்டுவந்து கொடுப்பவருக்கு நான் போடுவேன், தானாக எடுத்துக்கொள்ளும் கவுண்டரில் போட மாட்டேன்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். பல கவுண்டர்களில் நிற்பவர்கள் சம்பள ஆட்களே இல்லை, பள்ளி இசைக்குழுவின் பெற்றோர், தேவாலயக் குழு போன்ற தன்னார்வலர்கள். விற்பனையில் ஒரு பங்கு அவர்கள் குழுவுக்குப் போகும். அங்கே டிப் போட்டால் அது குழுவுக்குப் போகிறதா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். பிள்ளை தனியாகப் போகிறாள் என்றால் இந்தத் திரையை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். என் மகள் நடுவில் இருந்த பெரிய பொத்தானை அழுத்திவிட்டு வந்து, "அம்மா, பஞ்சுமிட்டாய் ரெண்டு டாலர் ஏறிடுச்சு" என்றாள்.

"கவுண்டரே இல்லாத கடை ஒண்ணு இருக்காமே? கார்டைத் தட்டி உள்ள போய் எடுத்துட்டு வந்துடலாமாம். பிள்ளைங்களோட போனா கணக்கு எப்படி வரும்?"

ஆமாம். அமேசானின் ஜஸ்ட் வாக் அவுட் முறை. சியாட்டிலில் 2021-ல் திறந்த க்ளைமேட் ப்ளெட்ஜ் அரீனாவில் தொடக்கத்திலேயே வைத்தார்கள், இப்போது பல மைதானங்களில் இருக்கிறது. வாசலில் கார்டைத் தட்டினால் கதவு திறக்கும். மேலே இருக்கும் கேமராக்களும் அலமாரி உணர்கருவிகளும் யார் எதை எடுத்தார் என்று பார்த்துக்கொள்ளும், வெளியே வந்ததும் பணம் போய்விடும்.

உங்கள் தட்டலில் உங்களோடு உள்ளே வந்த எல்லோரும் உங்கள் கணக்குதான். சின்னவன் எடுத்து ஜோபியில் போட்ட சாக்லேட்டும் சேர்த்து. திருப்பி அலமாரியில் வைத்தால் கழிந்துவிடும், எடுத்த இடத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். எட்டாத குழந்தைக்கு உதவுகிறேன் என்று அடுத்தவர் பிள்ளைக்கு எடுத்துக் கொடுத்தால் அது உங்கள் பில்லில் ஏறும். ரசீது கையில் வராது, பிறகு இணையத்தில் கார்டு விவரம் கொடுத்துப் பார்க்க வேண்டும். நாலு வயதுக்குக் கீழே இருந்தால் தூக்கிக்கொண்டே உள்ளே போங்கள், அவ்வளவுதான் என் யோசனை.

"போன தடவை உள்ள நெட்டே வரல. போன்ல பே பண்ண முடியாமப் போச்சுன்னா?"

ஆப்பிள் பேயில் தட்டுவதற்கு உங்கள் போனில் நெட் தேவையில்லை, கடை மெஷினுக்கு இருந்தால் போதும். கூகுள் பேயும் நெட் இல்லாமல் சில தடவை வேலை செய்யும். மாட்டிக்கொள்வது ஆப் வழியாக ஆர்டர் செய்பவர்களும் அங்கே போய்ப் புதிதாகக் கார்டைச் சேர்ப்பவர்களும்தான். இரண்டையும் வீட்டிலேயே முடியுங்கள்.

நெட்டைவிட பேட்டரிதான் எனக்குப் பயம். டிக்கெட், பார்க்கிங், பணம் எல்லாம் ஒரே போனில். ஒரு நிஜக் கார்டை எப்போதும் தனியாகச் சட்டைப் பையில் வைத்திருங்கள்.

"ஒரே பாப்கார்னுக்கு ரெண்டு தடவை காசு போயிருக்கு!"

இரண்டில் ஒன்று "பெண்டிங்" என்று இருந்தால் சில நாள் பொறுங்கள். மெஷின் ஒருமுறை தடுமாறி மறுபடி தட்டச் சொன்னால் முதல் முயற்சியின் தொகை நிறுத்திவைப்பில் நிற்கும், தானாக விழுந்துவிடும். இரண்டுமே உறுதியாகிவிட்டால் மைதானத்துக்கு எழுதுங்கள், பதில் இல்லையென்றால் கார்டு வங்கியில் புகார். இதற்குத்தான் ரசீது வேண்டாம் என்று அழுத்த வேண்டாம் என்கிறேன். தலைகீழ் மெஷின் கார்டில் இப்படி நடந்தால் கார்டின் பின்னால் உள்ள எண்ணைக் கூப்பிட வேண்டும். படம் எடுத்து வைக்கச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா?

"பையனோட டீம் பன்னெண்டு பேரைக் கூட்டிட்டுப் போறேன். எல்லா அம்மாவும் பிள்ளை கையில 20 டாலர் நோட்டைக் கொடுத்து அனுப்பிட்டாங்க. இப்ப?"

காரிலேயே நோட்டுகளை வாங்கி, ஆளுக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு பேரும் ஆளுக்கொரு வரிசையில் நிற்க வேண்டாம். ஆட்டம் தொடங்கி சில நிமிஷம் ஆனதும் வரிசை வடியும், அப்போது நான்கு நான்கு பேராக அழைத்துப் போய் உங்கள் கார்டைத் தட்டுங்கள். மிச்சத்தைத் திரும்பும்போது நோட்டாகவே கொடுங்கள், அதற்காக ஒற்றை டாலர் நோட்டு ஒரு கட்டு எடுத்துப் போங்கள். கேஷ்லெஸ் இடத்துக்குச் சில்லறையோடு போவது வேடிக்கைதான், ஆனால் இந்த ஒரு காரியத்துக்கு அதுதான் உதவும்.

குழு டிக்கெட் எடுப்பதாக இருந்தால் தின்பண்டத் தொகையையும் டிக்கெட்டிலேயே ஏற்றித் தர முடியுமா என்று அணியின் குழு விற்பனைப் பிரிவைக் கேளுங்கள். பல அணிகள் தருகின்றன.

"தட்டினா வருதுன்னே நினைக்கிறான் என் பையன். காசு கையில இருந்து போறது தெரியவே மாட்டேங்குது. என்ன பண்றது?"

என் வீட்டிலும் இதே கதைதான். நான் செய்வது இது. கிளம்பும் முன் ஆளுக்கு 15 டாலர், ஒற்றை நோட்டுகளாக, ஒரு கவரில் போட்டுக் கொடுத்துவிடுவேன். மைதானத்தில் அவர்கள் கேட்பதற்கெல்லாம் நான் கார்டைத் தட்டுவேன், தட்டிய உடனே அந்தத் தொகையை எண்ணி என் கையில் கொடுத்துவிட வேண்டும். வரி, டிப் உட்பட. கவர் மெலிவது கண்ணுக்குத் தெரியும். மிச்சம் அவர்களுக்கே. முதல் தடவை மகள் முதல் கால்மணி நேரத்திலேயே காலி செய்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது தடவை குளிர்பானக் கப்பை அண்ணனோடு பாதிப் பாதி போட்டு வாங்கினாள்.

"வரிசையில எனக்கு முன்னாடி ஒரு சின்னப் பையன் நோட்டை வச்சுட்டு முழிச்சிட்டு நிக்கிறான். நான் கட்டலாமா? அவங்க வீட்ல தப்பா நினைப்பாங்களா?"

முதலில் அம்மா, அப்பா எங்கே என்று கேளுங்கள். கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்தால் கூப்பிட்டு வரச் சொல்லி, அவன் இடத்தைப் பிடித்து வையுங்கள். இல்லையென்றால் கட்டிவிடுங்கள். அலர்ஜி ஏதும் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அவன் நோட்டை நீட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள், மீதி இருந்தால் எண்ணிக் கொடுங்கள். என் மகனுக்குக் கட்டிய அந்தப் பெண்மணி நல்ல மனசோடுதான் நோட்டை வாங்க மறுத்திருக்கிறார். ஆனால் அன்று வீட்டுக்கு வந்ததும் அவன் நேராக என் அம்மாவிடம் போய், "நீங்க கொடுத்த காசு செல்லலை பாட்டி" என்று அந்த 10 டாலரைத் திருப்பிக் கொடுத்தான். அம்மா அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார், கள்ள நோட்டோ என்று.